வாயால் சொல்கிறான், பேப்பரில் எழுதுவதில்லை

கேள்வி: பெங்களூரு கே.ஆர். புரத்தில் இருக்கிறோம், சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். மகனுக்கு 9 வயது, சிபிஎஸ்இ பள்ளியில் நான்காம் வகுப்பு. இரண்டு மாதம் முன்பு டாக்டர் பார்த்து ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) என்றார். கேட்டால் எல்லாப் பாடத்தையும் வாயால் சொல்கிறான். பரீட்சையில் பாதிப் பேப்பர் காலி. டைரியில் தினமும் சிவப்பு மையில் புகார். வீட்டுப்பாடம் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பதரை வரை இழுத்து, அழுகையில் முடிகிறது. கன்னடம் என்றால் நோட்டையே எடுக்க மாட்டேன் என்கிறான். 'ஷேடோ டீச்சர் (வகுப்பில் அவன் பக்கத்திலேயே உட்காரும் தனி உதவியாளர்) போடுங்கள், இல்லையென்றால் வேறு பள்ளி பாருங்கள்' என்கிறார்கள் பள்ளியில். மாத்திரை கொடுத்தால் அடிமையாகிவிடுவான் என்று கணவருக்குப் பயம். 'அவங்க அப்பனும் சின்ன வயசுல இப்படித்தான், தானா சரியாப் போயிடும்' என்கிறார் மாமியார். ஐந்து வயது மகளோ, 'அண்ணனுக்கு மட்டும் ஏன் ஸ்டார்?' என்கிறாள். வரும் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். எங்கே தொடங்குவது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்தக் காலிப் பேப்பரிலிருந்தே தொடங்கலாம். சனிக்கிழமைக்கு முன்பே போன பரீட்சையின் விடைத்தாள்களைக் கேட்டு வாங்குங்கள். மகன் தூங்கிய பிறகு நீங்களும் கணவரும் உட்கார்ந்து பாருங்கள். மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம், எந்த இடங்களில் காலியாக விட்டிருக்கிறான் என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்று விதத்தில் ஒன்றாக இருக்கும்.

முதல் இரண்டு பக்கம் எழுத்து ஒழுங்காக இருந்து, மூன்றாம் பக்கத்தில் எழுத்து பெரிதாகி, கோட்டை விட்டு மேலே கீழே போய், அப்புறம் ஒன்றுமே இல்லை என்றால், தொடங்குகிறான், தாக்குப்பிடிக்க முடியவில்லை என்று பொருள். காலி இடங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, அதுவும் ஒரு மதிப்பெண் கேள்விகளில்கூட விடுபட்டிருந்தால், பிறகு எழுதலாம் என்று தாண்டியவன் திரும்பி வரவில்லை, அல்லது கேள்வி இருப்பதையே கண் பார்க்கவில்லை. மூன்றாவது விதம்: பொருத்துக, கோடிட்ட இடம் எல்லாம் சரி, மூன்று நான்கு வரி எழுத வேண்டியவை மட்டும் மொத்தமாகக் காலி. இது கவனப் பிரச்சினை மட்டும் அல்ல, எழுதுவதிலேயே சிக்கல் இருக்கலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மூன்றுக்கும் செய்யவேண்டியது வேறு வேறு என்பதால்தான் 'கவனமில்லை' என்று டைரியில் எழுதுவது யாருக்கும் உதவுவதில்லை.

உங்கள் மகனுக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரியும். அந்த நிமிடத்தில் செய்ய வருவதில்லை, அவ்வளவுதான். தொடங்குவது, நிறுத்துவது, மனதில் பிடித்து வைப்பது, நேரத்தை உணர்வது ஆகியவற்றைக் கவனிக்கும் மூளைப் பகுதி இப்பிள்ளைகளுக்கு மெதுவாக முதிர்கிறது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2007-ல் ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது, மூளையின் புறணி (வெளி அடுக்கு) அதிகபட்சத் தடிமனை எட்டும் வயது மற்ற குழந்தைகளுக்கு ஏழரை, ஏடிஎச்டி குழந்தைகளுக்குப் பத்தரை என்று வந்தது. அதாவது கணக்கில் நான்காம் வகுப்பு, பென்சில் பாக்ஸை எடுத்து வைப்பதில் முதல் வகுப்பு. அதனால் காலை 11 மணிக்கு வகுப்பில் தடுமாறுகிறவனுக்கு மாலை 6 மணிக்கு வீட்டில் சொல்லும் புத்திமதி போய்ச் சேராது. உதவி அந்த மேஜையில், அந்த நிமிடத்தில் இருக்கவேண்டும். பள்ளியிடம் கேட்பதையும் வீட்டில் மாற்றுவதையும் இந்த ஒரு அளவுகோலில் பாருங்கள்.

கூட்டத்துக்கு ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். கிளாஸ் டீச்சர் நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கிறார். பத்து விநாடிக்கு மேல் எடுக்கும் எந்த ஏற்பாடும் இரண்டாவது வாரம் தாண்டாது. டாக்டரின் அறிக்கை நகலையும் கொடுங்கள். பள்ளியில் கவுன்சலரும் ஸ்பெஷல் எஜுகேட்டரும் இருக்கவேண்டும் என்பது சிபிஎஸ்இ விதி. அவர்களும் அன்று உட்கார வேண்டும் என்று முன்பே மெயிலில் கேட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்தில் இருக்கவேண்டியவை இவை.

இடம்: முன் வரிசை, ஜன்னலும் கதவும் ஃபேன் சுவிட்சும் இல்லாத பக்கம், அருகில் அமைதியான பிள்ளை. டீச்சர் மேஜையோடு ஒட்டிய தனி பெஞ்ச் வேண்டாம். வகுப்பே அதைத் தண்டனை இடமாகப் பார்க்கும், இரண்டே வாரத்தில் அவனும் பார்ப்பான்.

போர்டிலிருந்து எழுதுவது: இதுதான் அவன் நேரத்தை விழுங்கும் இடம். தலை நிமிர்ந்து இரண்டு வார்த்தை படிக்கிறான், நோட்டுக்கு இறங்குவதற்குள் ஒன்று மறந்துபோகிறது, மறுபடி நிமிர்கிறான், எந்த வரி என்று தெரியவில்லை. வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது. வீட்டுப்பாடத்தை அவன் டைரியில் எழுதியே தீரவேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். பள்ளி ஆப்பிலோ வாட்ஸ்அப் குழுவிலோ ஒரு போட்டோ போதும். பாடக் குறிப்பை பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுத அனுமதி கேளுங்கள். நிமிரவேண்டிய வேலை இல்லாததால் வேகம் கூடும்.

அளவு: 20 கணக்கு கொடுத்தால் இவனுக்கு 10. ஒற்றைப்படை எண்களை மட்டும் செய்தால் போதும் என்று சொன்னாலே டீச்சருக்கு வேலை முடிந்தது. 10 சரியாகச் செய்கிறவனுக்கு மீதிப் பத்தில் கற்க ஒன்றுமில்லை.

இடைவேளை, பிடி பீரியட்: எழுதி முடிக்கவில்லை என்று இவற்றைப் பிடுங்கக் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஓடியாடிவிட்டு வந்தால்தான் அடுத்த பீரியடில் உட்காருவான். பிடுங்கினால் மதியம் முழுதும் டீச்சருக்குத்தான் கஷ்டம். இதை இப்படியே, அவர் பக்கத்திலிருந்து சொல்லுங்கள். நடுவில் நோட்டு விநியோகிக்க, போர்டு துடைக்க, ஆபீஸுக்குச் சீட்டு கொண்டுபோக அவனை அனுப்பலாம்.

பரீட்சை: எல்லோரும் கூடுதல் நேரம் கேட்கிறார்கள். தாக்குப்பிடிக்க முடியாத பிள்ளைக்கு அது மட்டும் பயன்படாது. கூடுதல் அரை மணியும் பேனா மூடியைத் திருகிக்கொண்டே போகும். ஆளில்லாத அமைதியான அறை, வினாத்தாளை இரண்டு துண்டாகப் பிரித்து ஒன்றை முடித்தபின் மற்றொன்று, நடுவில் 5 நிமிடம் எழுந்து நடக்க விடுவது. இதற்குப் பிறகுதான் கூடுதல் நேரம். தாண்டித் தாண்டிப் போகிற பிள்ளை என்றால், பேப்பர் வாங்கும்போது 'எல்லாக் கேள்வி எண்ணுக்கும் டிக் போட்டுக் காட்டு' என்ற ஒரு வாக்கியம் போதும். நான்காம் வகுப்புப் பரீட்சை பள்ளியே நடத்துவது. இதற்கெல்லாம் எந்தச் சான்றிதழும் தேவையில்லை, முதல்வர் சரி என்றால் சரி.

கடைசியாக, சிவப்பு மைப் புகாருக்குப் பதிலாக ஒரு சின்ன அட்டை. அதில் மூன்றே இலக்கு, கண்ணால் பார்த்து ஆம் அல்லது இல்லை சொல்லக்கூடியவை: 'பாடம் தொடங்கும்போது நோட்டு மேஜையில் இருந்தது', 'கை தூக்கிவிட்டுப் பேசினான்', 'கொடுத்த வேலையில் பாதியாவது முடித்தான்'. 'நல்ல பையனாக இருந்தான்' என்பது இலக்கு அல்ல. அதை யாரும் அளக்க முடியாது. நான்கு பீரியடுக்கு டிக் போட்டால் மொத்தம் 12. முதல் வாரம் எதையும் மாற்றாமல் டிக்கை மட்டும் எண்ணுங்கள். சராசரி 5 வந்தால், அடுத்த வாரம் இலக்கு 6. பத்தில் தொடங்கினால் மூன்றாம் நாளே அட்டையைத் தொலைத்துவிட்டு வருவான். பரிசு அன்று மாலையே, சின்னதாக: கூடுதலாக அரை மணி சைக்கிள், இரவு என்ன டிபன் என்று அவன் முடிவு செய்வது, அப்பாவோடு கேரம். ஆண்டு முடிவில் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்பது இவன் மூளைக்கு எட்டாத தூரம். சம்பாதித்த டிக்கை வேறு தப்புக்காகப் பிடுங்கக் கூடாது. மூன்று வாரத்தில் சலிப்பு வரும். அது தோல்வி அல்ல, பரிசை மாற்றுங்கள்.

ஷேடோ டீச்சர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஏடிஎச்டி மட்டும் உள்ள, வகுப்புப் பாடம் புரிகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் பையை எடுத்து வைப்பது முதல் விடை எழுதுவது வரை அவரே செய்துவிடுகிறார். மற்ற பிள்ளைகள் விலகிப்போகிறார்கள். கிளாஸ் டீச்சர் இவன் தன் பொறுப்பில்லை என்று நினைக்கத் தொடங்குகிறார். மேலே சொன்னவற்றை எட்டு வாரம் செய்து பார்ப்போம், அட்டையின் எண்ணை வைத்து மறுபடி பேசுவோம் என்று கேளுங்கள். இவனுக்கு நாற்காலியை விட்டு ஓடிப்போவது, பிறரை அடிப்பது போன்ற வேறு சிக்கல் இருந்தால் கதை வேறு.

'வேறு பள்ளி பாருங்கள்' என்பதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16-ன்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்ற முடியாது. பிரிவு 17 அடியையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதையும் கவனியுங்கள். ஆனால் சனிக்கிழமை சட்டத்தில் தொடங்காதீர்கள். தினமும் ஆறு மணி நேரம் அவனோடு இருக்கப்போகிறவரை எதிரில் நிறுத்துவதில் லாபமில்லை. பேசியதைச் சுருக்கி அன்று மாலையே மெயில் அனுப்பிவிடுங்கள். பிறகு தேவைப்பட்டால் அதுவே ஆவணம்.

இனி வீடு. மூன்றரை மணி நேர வீட்டுப்பாடத்தை இன்றே நிறுத்துங்கள். நான்காம் வகுப்புக்கு 40 நிமிடம் தாராளம். பள்ளி பஸ்ஸில் ஒரு மணி நேரம் குலுங்கி வந்தவனுக்கு முதலில் வயிற்றுக்கு ஏதாவது, பிறகு கீழே போய் ஓடிவிட்டு வர அரை மணி. மேஜையில் ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு ரப்பர் மட்டும், மற்றதெல்லாம் பையில். சமையலறை டைமரில் 12 நிமிடம் வையுங்கள், மணி அடித்தால் 4 நிமிடம் இடைவேளை. அதில் தண்ணீர் குடிக்கலாம், மாடிப்படி ஏறி இறங்கலாம், போனும் டிவியும் கூடாது. அவற்றிலிருந்து அவனைத் திரும்பக் கொண்டுவருவதற்கே அரை மணி ஆகும். இப்படி மூன்று சுற்று. முதல் சுற்றில் எளிய பாடம். தொடங்குவதுதான் இவனுக்கு மலை. ஏறிவிட்டால் இரண்டாம் சுற்றில் கடினமானதைக் கொடுக்கலாம். நேரம் முடிந்ததும் எந்த இடத்தில் இருந்தாலும் நிறுத்தி, 'முழுக் கவனத்தோடு 40 நிமிடம் செய்தான், இதுவரை முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இந்த ஏற்பாட்டையும் அந்த ஒற்றைப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள், டீச்சருக்கு அதிர்ச்சியாக இருக்காது.

சொல்லும் விதமும் முக்கியம். அடுக்களையிலிருந்து 'டேய், ஷூவை வை, கை கழுவு, டைரியை எடு' என்றால் மூன்றில் ஒன்றுதான் உள்ளே போகும், அதுவும் கடைசியாகச் சொன்னது. பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, ஒரே ஒரு வேலை. அதை அவன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். தூக்கம் 9 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. காலை ஏழு மணி பஸ் என்றால் இரவு ஒன்பதுக்குள் விளக்கு அணைய வேண்டும். குறட்டை விடுகிறானா, வாயால் மூச்சு விடுகிறானா என்று கவனியுங்கள். மூக்கடியில் சதை வளர்ந்து தூக்கம் கெட்டால் பகலில் அசல் ஏடிஎச்டி போலவே இருக்கும். கண், காது சோதனையும், இரும்புச்சத்துக்கு ரத்தப் பரிசோதனையும் ஆகவில்லை என்றால் செய்துவிடுங்கள்.

சர்க்கரையை நிறுத்தினால் சரியாகும் என்பதற்கு ஆதாரமில்லை. மூளை டானிக், கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கும் வகுப்பு, எல்லாவற்றுக்கும் அபாகஸ்: அந்தப் பணத்தை நீச்சலுக்குக் கட்டுங்கள்.

கன்னட நோட்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், இரண்டாம் மொழி கன்னடம், போதாக்குறைக்கு இந்தி. பெங்களூரு தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் இதே சுமைதான். பல மொழி கேட்பதால் ஏடிஎச்டி வராது. வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆனால் எழுதுவதில் கன்னடம் தனிக் கஷ்டம். ஒத்தக்ஷரத்தை (கூட்டெழுத்தில் இரண்டாவதாக வரும் மெய், சுருக்கமாக ஒத்து) வரிக்குக் கீழே சின்னதாக எழுதவேண்டும். தமிழ்க் காதுக்கு ಕ, ಖ, ಗ, ಘ (ka, kha, ga, gha) என்று நான்கும் ஒரே மாதிரி கேட்கும். பேச்சில் மளிகைக்கடைக் கன்னடம் நன்றாக வந்து, எழுத்தில் மட்டும் திணறுகிறானா பாருங்கள். அகலக் கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். ஒரு நாளைக்கு 5 சொல் போதும். முதலில் ஒத்து இல்லாத சொற்கள்.

எழுதுவதில் சிக்கல் இருக்கலாம் என்றேனே, அதற்கு ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். மூன்றாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் அவன் படிக்காத ஒரு பக்கத்தை, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துக் காட்டி, படிக்கச் சொல்லுங்கள். தனியாகப் படிக்கையில் வரும் தப்புகள் பெருமளவு குறைந்தால் கவனம்தான் காரணமாக இருக்க வாய்ப்பு. நீங்கள் பக்கத்தில் இருந்தும் முதல் எழுத்தைப் பார்த்து ஊகிப்பது, நோட்டில் ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது தொடர்ந்தால், கற்றல் குறைபாட்டுக்கான முழு மதிப்பீடு தேவை. ஏடிஎச்டி பிள்ளைகளில் பலருக்கு இதுவும் சேர்ந்தே வருகிறது. மாத்திரை இதைத் தீர்க்காது, தனிப் பயிற்சிதான் தீர்க்கும்.

இந்த மதிப்பீட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 21 வகைகளில் ஏடிஎச்டி இல்லை, கற்றல் குறைபாடு இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 3 மணிப் பேப்பருக்கு 60 நிமிடம் கூடுதல் போன்ற சிபிஎஸ்இ சலுகைகள் அந்தச் சான்றிதழ் வழியாகத்தான் சுலபமாக வரும். 8 வயதுக்கு மேல்தான் தருவார்கள். 14 வயதில் மறுமதிப்பீடு. தனியாரிடம் போனால் மதிப்பீடு செய்யும் உளவியலாளருக்கு (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்) இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத அறிக்கையைப் பிறகு ஏற்கமாட்டார்கள். ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனித் துறை உண்டு. கூட்டம் இருக்கும், அன்றைக்குப் பள்ளி லீவு போட்டுவிட்டுப் போங்கள்.

மாத்திரை பற்றி உங்கள் கணவருக்கு. பயம் இயல்பு, ஆனால் கேள்வியை டாக்டரிடம் கேளுங்கள், யூடியூபிடம் வேண்டாம். முதலில் தருவது பெரும்பாலும் மீத்தைல்ஃபெனிடேட். வாய்வழி, சொன்ன அளவில், பெரியவர் கையால் கொடுக்கும்போது அது அடிமைப்படுத்துவதில்லை. சாதாரண வகை அரை மணி முதல் முக்கால் மணிக்குள் வேலை செய்யத் தொடங்கி மூன்று நான்கு மணி நேரம் நிற்கும், பிறகு உடம்பைவிட்டுப் போய்விடும். 1999-ல் வெளியான, 579 குழந்தைகளை 14 மாதம் பார்த்த அமெரிக்க ஆய்வில், கவனத்துக்கும் துறுதுறுப்புக்கும் நன்கு கண்காணித்துக் கொடுத்த மருந்து பயிற்சியை மட்டும் நம்பியதைவிட மேலாக வேலை செய்தது. இரண்டையும் சேர்த்தபோது குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது. எனவே மருந்தா, பயிற்சியா என்று சண்டை போடவேண்டாம்.

தொடங்குவதானால் சில நடைமுறை. குடும்பத்தில் இளவயதில் திடீர் இதய மரணம் நடந்திருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். மதியப் பசி குறையும். அதனால் மாத்திரைக்கு முன்பு வயிறு நிறைய இட்லி. டப்பாவில் அளவு குறைவாக, நெய் விட்ட பருப்பு சாதமோ வேர்க்கடலையோ. ராத்திரி பசி திரும்பும்போது நன்றாகப் போடுங்கள். மருந்து இறங்கும் மாலை நேரத்தில் சிணுங்கலாம். அந்த அரை மணியில் வீட்டுப்பாடம் வைக்காதீர்கள். உயரம், எடை, நாடி, ரத்த அழுத்தம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நீண்ட நேர வகையைப் பொடித்தோ உடைத்தோ தரக் கூடாது. அளவை நீங்களாக ஏற்றி இறக்கவேண்டாம். பலன் தெரிகிறதா என்பதற்கு டீச்சரின் அட்டையே சாட்சி, தொடங்குவதற்கு முந்தைய வாரத்தின் எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இது அட்டவணை எக்ஸ் மருந்து, அதாவது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ளது. எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் இருக்காது, சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். கடைசி மாத்திரை வரை காத்திருக்காமல் ஒரு வாரம் முன்பே போங்கள். கோடை லீவில் தருமபுரி போகும்போது சீட்டும் மாத்திரையும் பையில் இருக்கட்டும்.

மாமியார் சொன்னதில் பாதி உண்மை. ஏடிஎச்டியில் பரம்பரையின் பங்கு சுமார் 70 முதல் 80 சதவீதம். எனவே மகன் டைரியை மறப்பதையும் அவன் அப்பா கரண்ட் பில்லை மறப்பதையும் ஒரே கோபத்தில் பார்க்காதீர்கள். 'தானாகச் சரியாகிவிடும்' என்பதுதான் சரியில்லை. ஓட்டம் வயதோடு குறையும். மறதியும் நேரக் குழப்பமும் பலருக்குத் தங்கிவிடும். அப்பாவின் சிறுவயதுக் கதைகளைப் பாட்டி பேரனுக்குச் சொல்லலாம், 'நான் மட்டும்தான் இப்படி' என்ற நினைப்பு அவனுக்குக் குறையும்.

ஒரு விஷயத்தில் தாமதம் வேண்டாம். 'நான் முட்டாள்', 'நான் இல்லாமலே இருக்கலாம்' என்ற பேச்சு வந்தால், பள்ளி பஸ் வரும் நேரத்தில் தினமும் வயிற்றுவலி என்றால், அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

சின்னவளுக்கும் ஒரு அட்டை போடுங்கள், ஒரே ஒரு இலக்கோடு. பல் துலக்குவதோ செருப்பை இடத்தில் வைப்பதோ. இருவர் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவேண்டாம். ஒருவர் எண்ணை மற்றவரிடம் படிக்கவும் வேண்டாம். அண்ணன் என்ன தப்பு செய்தான் என்று அவளிடம் கேட்காதீர்கள். தானாக வந்து சொன்னால், 'சரிம்மா, நீ விளையாடு' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அவளோடு மட்டும், அண்ணன் பேச்சே இல்லாமல்.